மேசையில் தடுக்கி விழும் ஆங்கிலம்: ரஷ்ய மொழிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'டேபிள்' என்ற சொல் ரஷ்ய மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. சொல் தெரிந்துவிட்டதால், அதை வைத்து ஆங்கிலேயர் பேசும் வழக்குகளும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சாப்பிட உட்கார்ந்ததைச் சொல்லும்போதே முதல் சறுக்கல். ரஷ்ய மொழியில் 'ஸா ஸ்தலோம்', அதாவது மேசைக்குப் பின்னால். அதை அப்படியே 'பிஹைண்ட் த டேபிள்' என்று சொன்னால், குடும்பமே மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது போலிருக்கும். 'அட் த டேபிள்' போதும். (நாமும் சிரிக்க வேண்டாம். 'மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் நாம் மேசை மேலேயே ஏறிவிடுவோம்.)

ரஷ்ய 'ஸ்தோல்' நம் மேசையை விடப் பெரியது. எழுதும் மேசை, சாப்பாட்டு மேசை இரண்டும் அதுதான். பாஸ்போர்ட் பிரிவு ஒரு ஸ்தோல், தொலைந்த பொருள்களை ஒப்படைக்கும் இடம் ஒரு ஸ்தோல். மருத்துவர் சொல்லும் பத்தியமும் ஸ்தோல்தான். சோவியத் மருத்துவர் பெவ்ஸ்னர் 1 முதல் 15 வரை எண் போட்டு வகுத்த பத்தியங்களில், கல்லீரல், பித்தப்பைக் கோளாறுக்கு 5-ஆம் எண். லண்டன் ஓட்டலில் ஒருவர் 'எனக்கு டேபிள் ஃபைவ்' என்றால், பரிமாறுபவர் ஐந்தாவது மேசைக்குத்தான் அழைத்துப்போவார். ஓட்டல் பஃபேயை 'ஸ்வீடிஷ் டேபிள்' என்பதும் இதே ரகம். ஆங்கிலத்தில் அது வெறும் பஃபே.

மாட்டிவிடக்கூடியது 'அண்டர் த டேபிள்'. ரஷ்யாவில் சின்னப் பையனைப் பற்றிப் பேசும்போது 'அப்போது நீ மேசைக்கு அடியில் நடந்து போய்க்கொண்டிருந்தாய்' என்பார்கள். குனியாமலே மேசைக்கு அடியில் போகிற உயரம் என்று பொருள். ஆங்கிலத்தில் மேசைக்கு அடியில் நடப்பது லஞ்சமும் கணக்கில் வராத சம்பளமும். வேலைக்கான நேர்காணலில் சிறுவயதுக் கதையாக இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். கணக்கில் காட்டாத சம்பளத்துக்கு ரஷ்யர்களிடம் வேறு வழக்கு உண்டு: 'உறையில் சம்பளம்'. நம் ஊர் 'கவர்' நினைவுக்கு வரலாம். ஆனால் அவர்கள் சொல்வது முதலாளி வரி கட்டாமல் தரும் மாதச் சம்பளத்தை. அதை 'சேலரி இன் அன் என்வலப்' என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலக்காரருக்குத் தபால் உறைதான் தெரியும்.

'கார்ட்ஸ் ஆன் த டேபிள்' பற்றிக் கவலை வேண்டாம். சீட்டுகளைத் திறந்து வைத்துப் பேசுவது இரு மொழியிலும் ஒன்றே. ஆனால் பழைய தலைமுறைக்கு மேசையில் வைக்கும் இன்னொரு அட்டையும் நினைவிருக்கும். 'கட்சி அட்டையை மேசையில் வை' என்றால் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றுவோம் என்ற மிரட்டல். இப்போது அதை வேடிக்கைக்குச் சொல்கிறார்கள். அந்த வேடிக்கை ஆங்கிலத்துக்கு வராது.

'டர்ன் த டேபிள்ஸ்' என்பதில் பன்மை விகுதியை விட்டுவிடுவது வழக்கமான பிழை. கோபத்தில் மேசையைக் கவிழ்ப்பதாகவும் பலர் எண்ணுகிறார்கள். பேக்கமன் போன்ற பலகை விளையாட்டுகளுக்கு 'டேபிள்ஸ்' என்றொரு பழைய பெயர் உண்டு. பலகையைத் திருப்பினால் தோற்கிறவர் நிலை ஜெயிக்கிறவருக்குப் போய்விடும். நிலைமை தலைகீழாவதற்கே இந்த வழக்கு. மேசை எதுவும் உடைவதில்லை.

'டேபிள்' வினையாகும்போது ரஷ்யர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தால் அதை விவாதத்துக்கு வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒத்திப்போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஓர் அறிக்கையை உடனே விவாதிக்க நினைத்த பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்கர்களோ கிடப்பில் போடச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள். இரு தரப்பும் ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் சண்டை போட்டதைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆகவே இரு நாட்டுக்காரர்களும் இருக்கும் கூட்டத்துக்கு மின்னஞ்சல் எழுதும் ரஷ்யர் இந்த வினையைத் தொடாமல், 'டிஸ்கஸ்' அல்லது 'போஸ்ட்போன்' என்று எழுதிவிடுவதே நல்லது.