பாட்டுக் கேட்கும் அறைக்கு ஒலி பேனல்: கடலோர வீடுகளில் நடக்கும் தவறுகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கடற்கரையில் புதிதாகக் கட்டும் வீடுகளில் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் சிமெண்ட் பூச்சுச் சுவரும்தான். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் நாதஸ்வரம் காதைக் குத்தும், தவிலின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) குமுங்கிக்கொண்டே இருக்கும். உடனே பலரும் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஃபோமை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

அந்த ஃபோம் ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம். உச்ச ஒலிகளை மட்டும்தான் அது உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் போன்ற கனத்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அதற்கு ஓர் அங்குல ஃபோம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கடைசியில் ஜால்ராவின் பளிச்சென்ற ஒலி செத்துப்போகும், குமுக்கம் அப்படியே நிற்கும். முட்டை அட்டை, பனை ஓலைப் பாய் எல்லாம் இதைவிடக் குறைவு.

விளம்பரத்தில் போடும் என்.ஆர்.சி. (எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்ற அளவு) எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது 250 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை நான்கு இடங்களில் எடுத்த சராசரி. பாஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, அந்தக் கணக்கிலேயே இல்லை. 125 ஹெர்ட்ஸில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கேளுங்கள்.

என் தேர்வு, சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்திய நான்கு அங்குல ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பேனல். அடர்த்தி கனமீட்டருக்கு 48 முதல் 64 கிலோ. அதைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். அந்த இடைவெளியால் இன்னும் கீழே உள்ள ஒலியும் அடங்கும், செலவும் இல்லை. நம் ஊருக்கு அதில் இன்னொரு பலனும் உண்டு: பின்னால் காற்று போய்வரும். ஒட்டி மாட்டினால் மழைக்காலத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

கச்சானோ வாடையோ, எந்தக் காற்றும் உப்பைக் கொண்டுவராமல் இருப்பதில்லை. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சட்டம் ஈரத்தில் உப்பிவிடும். தேக்கோ அலுமினியமோ போடுங்கள். சாதாரண ஸ்க்ரூ துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும், 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கும். மலிவு ஃபோம் நாளாக நாளாகப் பொடிந்து உதிரும். தீப்பிடித்தாலோ மளமளவென்று எரிந்து நச்சுப் புகை விடும். வயரும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். மேல்துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று மறுபக்கம் வர வேண்டும். ரெக்ஸின் போர்த்தினால் உச்ச ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

அப்புறம், இடம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் மூன்று பக்கமும் ஒரே 56 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். அதனால் மூலைகளுக்குத்தான் முதல் பேனல், தரையிலிருந்து கூரை வரை. அடுத்தது பக்கச் சுவர்: நீங்கள் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒருவர் சுவரோரமாக முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு பேனல் மாட்டுங்கள்.

வெளியே ஓடும் மோட்டார் சத்தத்தைப் பேனல் தடுக்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம். அதற்கு ஜன்னல், கதவு இடுக்குகளை அடைக்க வேண்டும்.

பணம் போடுவதற்கு முன், வீட்டில் உள்ள இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலைகளில் நிறுத்தி, பழகிய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். தொப்பி கொஞ்சமாவது தெளிந்தால் அந்த மூலையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.