மொபைல் போன் நிறுவனம் விலைக்கு வந்தால், என்ன விலை போகும் என்று கணக்கிடுவது எப்படி?

வருட லாபத்தை ஒரு மடங்கால் (எத்தனை வருட லாபத்துக்குச் சமமான விலை என்ற எண்ணால்) பெருக்கு, கையிருப்பு ரொக்கத்தைக் கூட்டு, கடனைக் கழி. சூத்திரம் இவ்வளவுதான். கோளாறு வருவது அதில் போடும் எண்களில்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50 லட்சம் போன், விற்பனை 1,000 கோடி. எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், 90 கோடி. ரொக்கம் 150 கோடி, கடன் 90 கோடி. மடங்கு 6 என்றால் 540 + 150 − 90 = 600 கோடி. விற்பவர் இந்த எண்ணோடுதான் வருவார்.

படி 1: எதெல்லாம் கைமாறுகிறது?

பிராண்ட், தொழிற்சாலை, காப்புரிமை, ஆட்கள் என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கூகுள் 2012-ல் மோட்டோரோலா மொபிலிட்டியைச் சுமார் 1,240 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் 290 கோடி அந்த நிறுவனத்திடமே இருந்த ரொக்கம். காப்புரிமைகளுக்கும் தொழில்நுட்பத்துக்கும் மட்டும் 550 கோடி என்று கணக்கெழுதியது. 2014-ல் போன் தொழிலை லெனோவோவுக்கு 291 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டபோது, பெரும்பாலான காப்புரிமைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இரண்டு விலையையும் நேராக ஒப்பிட்டு 'இத்தனை நஷ்டம்' என்று சொல்வது அதனால்தான் தப்பு.

காப்புரிமைக்கான ராயல்டி ஏற்கெனவே லாபத்தில் சேர்ந்திருந்தால், அதற்குத் தனி மதிப்பு போடாதீர்கள், இரட்டைக் கணக்காகிவிடும்.

படி 2: லாபத்தைச் சுத்தம் செய்யுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நிறுவனம் விநியோகஸ்தருக்கு அனுப்பியதுமே விற்பனை என்று பதிவாகிவிடும். போன் கடை அலமாரியிலேயே தூங்கலாம். எனவே அனுப்பிய எண்ணிக்கையோடு ஆக்டிவேஷன் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். புதுப் போனை ஆன் செய்து இணையத்தோடு இணைத்ததும் நிறுவனத்தின் சர்வரில் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வாரியாக அது பதிவாகும். மாதவாரியாகக் கேளுங்கள், ஆண்டுக் கடைசி மாதத்தில் மட்டும் அனுப்புதல் எகிறியிருந்தால் உஷாராகிவிடுங்கள்.

நம் நிறுவனம் 50 லட்சம் அனுப்பியது, 45 லட்சம்தான் ஆக்டிவேட் ஆனது. வருடத் தொடக்கத்தில் இருந்ததைவிட 5 லட்சம் கூடுதலாகத் தேங்கிவிட்டது. ஏறக்குறைய ஆறு வார விற்பனை. போனுக்கு 400 லாபம் என்றால் 20 கோடி, வராத விற்பனையின் லாபம். கழியுங்கள்.

அடுத்து, மென்பொருள் எழுதுபவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவாகக் காட்டாமல் சொத்தாகக் காட்டியிருப்பார்கள். வருடா வருடம் திரும்ப வரும் செலவு என்றால் அதையும் கழிக்க வேண்டும்: இங்கே 10 கோடி. ஆக எபிட்டா 90 அல்ல, 60.

படி 3: மடங்கு

6 என்பது இங்கே உதாரணத்துக்குத்தான். இதே அளவு, இதே விலைப் பிரிவில் போன் விற்கும் நிறுவனங்கள் சமீபத்தில் எந்த மடங்குக்குக் கைமாறின என்று பாருங்கள். ஆப்பிளின் மடங்கை இங்கே கொண்டுவராதீர்கள். போனை விற்ற பிறகும் ஆப் ஸ்டோர், சந்தா என்று அதற்குப் பணம் வந்துகொண்டே இருக்கிறது. ஐந்து வருடப் பணவரவு முன்கணிப்பை ஒரு குறுக்குச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாடலின் ஆயுளே ஓரிரு வருடம் என்னும் தொழிலில் ஐந்தாம் வருட எண் பாதி ஆசைதான்.

60 × 6 = 360 கோடி. இது தொழிலின் மதிப்பு. பங்குதாரர் கைக்குப் போகும் தொகை இன்னும் வரவில்லை.

படி 4: ரொக்கம், கடன், ஒளிந்திருக்கும் கடன்

அந்த 150 கோடி ரொக்கம் உண்மையிலேயே சொந்தப் பணமா? உதிரிபாக சப்ளையர்களுக்கு வழக்கமாக 60 நாளில் பணம் தருபவர்கள், விற்பனை நெருங்கியதும் 90 நாளாக இழுத்திருக்கலாம். ஆண்டுக் கொள்முதல் 730 கோடி என்றால் நாளுக்கு 2 கோடி. 30 நாளுக்கு 60 கோடி. வாங்குபவர்தான் அதைக் கட்டப்போகிறார்.

வாரண்டி: கடந்த 12 மாதத்தில் மக்கள் கைக்குப் போன 45 லட்சம் போன்களுக்கு, சராசரியாகப் பாதி வாரண்டிக் காலம் பாக்கி. வருடத்துக்கு 4% பழுதுக்கு வந்து, ஒன்றுக்கு 1,000 செலவானால், 90,000 போன், 9 கோடி. ஒதுக்கியிருப்பது 4 கோடி, குறை 5.

விலைக்குறைப்பு ஈடு: மாடல் விலையை இறக்கினால், கையில் சரக்கு வைத்திருக்கும் டீலருக்கு வித்தியாசத்தைத் தர வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். கூடுதலாகத் தேங்கிய 5 லட்சத்துக்கு 100 வீதம் இன்னொரு 5 கோடி.

360 + 150 − 90 − 60 − 5 − 5 = 350 கோடி.

படி 5: வரம்பாகச் சொல்லுங்கள்

மடங்கை 5 முதல் 7 வரை நகர்த்தினால் 290 முதல் 410 கோடி வரை வரும். இந்த வரம்பைத்தான் பேச்சுக்கு எடுத்துப்போக வேண்டும். கூடவே, சிப், நெட்வொர்க் காப்புரிமை உரிமங்களில் உடைமையாளர் மாறினால் உரிமம் ரத்தாகும் என்ற பிரிவு இருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். இருந்தால், புது உரிமக் கட்டணத்தை முடிவு செய்யும்வரை மேலே போட்ட 60 கோடி லாபமே உறுதியில்லை. படி 2-லிருந்து மறுபடி போட வேண்டும்.