இத்தாலிய கோதிக் பேய்ப்படமும் ரீமேக்கும்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறது?

முதல் தவறு, எந்தப் பிரதி என்று பார்க்காமலே ஒப்பிடுவது. இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ' (1960) ஒரே படம் அல்ல. 87 நிமிட ஐரோப்பியப் பிரதி ஒன்று. அமெரிக்காவில் ஏஐபி (அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்) என்ற விநியோக நிறுவனம் 1961-ல் 'பிளாக் சண்டே' என்று வெளியிட்ட 83 நிமிடப் பிரதி இன்னொன்று. ஏஐபி மூன்று நிமிடத்துக்கு மேல் வன்முறையை வெட்டியது. ரொபெர்தோ நிகொலோசியின் இசையைத் தூக்கிவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டது. உறவுமுறையைக்கூட விட்டுவைக்கவில்லை: இத்தாலியப் பிரதியில் உடன்பிறந்தவர்களாக இருக்கும் சூனியக்காரி ஆசாவும் அவள் கூட்டாளி யாவுதிச்சும் இதில் எஜமானியும் ஏவலாளுமாக ஆகிவிடுகிறார்கள். இந்த வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்துவிட்டு, மகன் லம்பெர்தோ பாவா அதே தலைப்பில் 1989-ல் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, 'அப்பா ரத்தத்தைக் காட்டாமலே பயமுறுத்தினார்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்பா காட்டத்தான் செய்தார். கத்தரி போட்டது விநியோகஸ்தர்.

சரி, ஓடும் நேரத்தை வைத்துப் பிரதியைக் கண்டுபிடித்துவிடலாமா? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 'பால்' (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் வந்த பழைய டிவிடிகள் நொடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 25 ஃப்ரேமாக ஓட்டும். படம் நான்கு சதவீதம் சுருங்கும். 87 நிமிட முழுப் பிரதி அதில் ஏறக்குறைய 83½ நிமிடம்தான் வரும். அதாவது வெட்டாத படமும் வெட்டிய படமும் டிவிடி அட்டையில் ஒரே நேரத்தைக் காட்டும். அட்டையை விட்டுவிட்டுத் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். ஆசாவின் சதையில் 'எஸ்' எழுத்தைச் சூடுபோடுவது முழுதாக இருக்கிறதா, முள் முகமூடியைச் சம்மட்டியால் அடித்ததும் ரத்தம் பீறிடுகிறதா? இரண்டும் இருந்தால் ஐரோப்பியப் பிரதி.

பாவாவின் 'இ த்ரே வோல்தி தெல்லா பவுரா' (1963) இன்னும் மோசமாக அடிபட்டது. மூன்று கதைகளின் வரிசையை ஏஐபி மாற்றியது. 'டெலிபோன்' கதையில் இரண்டு பெண்களுக்கிடையே இருந்த காதலை நீக்கி, அதைப் பேய்க்கதையாகவே ஆக்கிவிட்டது.

அடுத்த தவறு, ரீமேக் அல்லாததை ரீமேக் என்பது. மேலே சொன்ன படத்தின் 'வுர்துலாக்' (ரத்தக்காட்டேரி) பகுதிக்கு மூலம் ரஷ்ய எழுத்தாளர் அலெக்ஸெய் டால்ஸ்டாயின் கதை ('போரும் அமைதியும்' எழுதியவர் அல்ல, வேறொருவர்). ஜோர்ஜியோ ஃபெரோனியின் 'லா நோத்தே தெய் தியாவொலி' (1972) அதே கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்த படம். அது பாவாவுக்கு அல்ல, டால்ஸ்டாய்க்குத்தான் கடன்பட்டிருக்கிறது. 1967-ல் வந்த சோவியத் 'வீய்'யும் 'மாஸ்கெரா'வும் அப்படித்தான். இரண்டுக்கும் எழுத்தாளர் கோகோலின் ஒரே கதை மூலம், ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. லம்பெர்தோவின் படம் வேறு ரகம். பனிச்சறுக்குக்குப் போன இளைஞர்கள் பனிப்பிளவுக்குள் விழுந்து, உறைந்து கிடக்கும் சூனியக்காரியைக் கண்டெடுப்பதில் தொடங்குகிறது. அப்பாவின் படத்திலிருந்து முகமூடியும் தலைப்பும் தவிர அதிகம் வரவில்லை. காட்சிக்குக் காட்சி ஒப்பிட அங்கே ஒன்றுமில்லை.

குரலை வைத்து நடிப்பை எடைபோடுவதும் வேண்டாம். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் குரல் பெரும்பாலும் பிறகு சேர்த்ததுதான். ஆசாவாக நடித்த பார்பரா ஸ்டீல் ஆங்கிலேயர். ஆனாலும் 'மாஸ்கெரா'வின் ஆங்கிலப் பிரதியில் கேட்பது அவர் குரல் இல்லை.

கறுப்பு-வெள்ளையை வெறும் 'மூட்' என்று தள்ளிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ரிக்கார்தோ ஃப்ரெதா தொடங்கி, ஒளிப்பதிவாளர் பாவா முடித்துக்கொடுத்த 'இ வாம்பிரி' (1957) படத்தில் ஜான்னா மரியா கனாலேயின் முகம் கட் இல்லாமலே கிழடாகிறது. சுருக்கங்களைச் சிவப்பு நிறத்தில் வரைந்து, சிவப்பு வெளிச்சம் போட்டால் கோடுகள் தோலோடு கலந்து மறைந்துவிடும். வெளிச்சத்தை மெல்லப் பச்சைக்கு மாற்றினால் அதே கோடுகள் கறுத்து மேலெழும். விளக்கின் நிறம் மாறியதைக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் காட்டிக்கொடுக்காது. 'மாஸ்கெரா'விலும் இதே வித்தை உண்டு. வண்ணப் படத்தில் இதைச் செய்தால் முகத்தோடு அறையும் நிறம் மாறும், குட்டு உடைந்துவிடும். ரீமேக் எடுப்பவர் மேக்கப் ரப்பருக்கும், ஷாட்டைக் கட் செய்வதற்கும் போவது சோம்பலால் அல்ல.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல ஜோடி அன்டோனியோ மார்கெரித்தியின் 'தான்சா மகாப்ரா' (1964), அதையே அவர் வண்ணத்தில் திரும்ப எடுத்த 'நெல்லா ஸ்த்ரெத்தா மோர்சா தெல் ராஞ்ஞோ' (1971). இயக்குநர், கதை, இசையமைப்பாளர் ரிஸ் ஓர்த்தொலானி என மூன்றும் மாறவில்லை. அதனால் வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவது எளிது. முதல் படம் வேறொரு நகைச்சுவைப் படத்துக்குப் போட்ட செட்டில் எடுத்தது. நாயகன் கோட்டைக்குள் மெழுகுவர்த்தியோடு நடக்கும்போது வெளிச்சம் எட்டாத இடமெல்லாம் கோட்டைதான். சுவர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. வண்ணத்தில் திரைச்சீலையும் மரச்சாமானும் தெரிகின்றன, அறைக்கு அளவு வந்துவிடுகிறது. பயம் அங்கேதான் ஒழுகுகிறது என்பது என் தீர்ப்பு. ஆனால் இரண்டாவது படத்தை, பழைய டிவி திரைக்காக ஓரம் வெட்டிய 4:3 பிரதியில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2.35:1 அகலத்திரைப் படத்தை அப்படி வெட்டினால் ஃப்ரேமில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். எழுத்தாளர் எட்கர் ஆலன் போவாக வரும் க்ளாஸ் கின்ஸ்கியை நம்பி உட்காருவதும் ஏமாற்றமே, அவர் வருவது கொஞ்ச நேரம்தான்.

தாரியோ அர்ஜென்தோவின் 'சுஸ்பீரியா' (1977) கறாராகச் சொன்னால் கோதிக் வரிசைக்குப் பிந்தியது, ஆனாலும் எல்லோரும் இழுத்து வருகிறார்கள். லூகா குவாதாஞ்ஞினோ 2018-ல் எடுத்த அதன் ரீமேக்கில் அந்தச் சிவப்பும் நீலமும் இல்லையே என்று குறைபட வேண்டாம். வேண்டுமென்றே வெளிறவிட்ட நிறம் அது. மேலும் அர்ஜென்தோ படத்தின் நிறமே டிஸ்குக்கு டிஸ்க் வேறுபடும். ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவொலி மேற்பார்வையில் 2017-ல் வந்த 4கே மீட்டெடுப்பை வைத்துப் பேசுவது நல்லது.

எந்த ஜோடியானாலும் முழுப் படத்தையும் மோதவிடாமல், இரண்டிலும் உள்ள ஒரே நிகழ்ச்சியில் ஐந்து நிமிடத்தை எடுங்கள். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டு, எத்தனை ஷாட், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கேமரா நகர்கிறதா ஜூம் போகிறதா என்று குறியுங்கள். இரண்டாம் முறை சத்தத்தோடு பாருங்கள். 'தான்சா மகாப்ரா'வில் என்றால், நாயகன் கோட்டைக்குள் முதல்முறை தனியாக நடக்கும் இடம் இதற்குச் சரியாக இருக்கும்.