டைப் எரர் செய்தி தெளிவாக வர: யூனிஃபையிலிருந்து தொடங்குங்கள்

டைப்களை நிரலிலிருந்தே ஊகிக்கும் ஹிண்ட்லி-மில்னர் முறையில் டைப் செக்கர் (நிரலில் டைப்கள் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் பகுதி) எழுதியவர்கள், எரர் புரியவில்லை என்று புகார் வந்தால் முதலில் செய்தியின் வாசகத்தைத்தான் மாற்றுகிறார்கள். கோளாறு வாசகத்தில் இல்லை. இரண்டு டைப்களைப் பொருத்திப் பார்க்கும் யூனிஃபை ஃபங்ஷனுக்கு வந்து சேர்வது அந்த இரண்டு டைப்கள் மட்டுமே. எது எதிர்பார்த்தது, எது கிடைத்தது, ஏன் எதிர்பார்த்தோம் என்பதெல்லாம் அதற்குள் தொலைந்துவிடும்.

ஆகவே யூனிஃபைக்கு நான்கு ஆர்க்யுமென்ட் கொடுங்கள்: எதிர்பார்த்த டைப், கிடைத்த டைப், சோர்ஸில் அது தொடங்கி முடியும் இடம், காரணம். காரணத்தை ஒரு வேரியன்டாக (குறித்த சில வகைகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கும் மதிப்பாக) வையுங்கள்: இஃப் நிபந்தனை, லிஸ்டின் இத்தனையாவது உறுப்பு, இன்ன ஃபங்ஷனின் இத்தனையாவது ஆர்க்யுமென்ட், டைப் சிக்னேச்சர் (பயனரே எழுதிய டைப் அறிவிப்பு). எல்ம் மொழியின் கம்பைலரும் ஒவ்வொரு எதிர்பார்ப்பும் சூழலிலிருந்து வந்ததா, சிக்னேச்சரிலிருந்து வந்ததா என்று குறித்து வைக்கிறது. இது கையில் இருந்தால், "லிஸ்டின் மூன்றாவது உறுப்பு ஸ்ட்ரிங், முன்னுள்ள இரண்டும் இன்ட்" என்று எழுதுவது சுலபம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வலப்பக்கம் டைப் வேரியபிள் (பின்னால் தெரியவரும் டைப்புக்காக நிற்கும் குறி) வந்தால் இரண்டையும் இடம் மாற்றி யூனிஃபையை மறுபடி அழைப்பார்கள். அந்த வேரியபிளுக்கு ஏற்கெனவே டைப் அமைந்திருந்தால், எதிர்பார்த்ததும் கிடைத்ததும் தலைகீழாக அச்சாகும். இடம் மாற்றாமல் தனிக் கிளை எழுதுங்கள். ஒரு டைப்பின் உட்பகுதிகளை ஒப்பிட உள்ளே இறங்கும்போது வெளி டைப்பையும் விடாதீர்கள். 'இன்ட் வேண்டும்' என்பதைவிட 'லிஸ்ட் இன்ட் வேண்டும்' என்பதே உதவும்.

ஃபங்ஷன் அழைப்பில் எல்லா ஆர்க்யுமென்டையும் சேர்த்து ஒரே முறை யூனிஃபை செய்தால் பழி முழு வரியின் மேல் விழும். ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மொழி தரும் சுருக்க எழுத்தை (சின்டாக்டிக் ஷுகர்) அடிப்படை வடிவத்துக்கு விரித்த பிறகு டைப் பார்ப்பதும் ஆபத்து: பயனர் எழுதாத நிரலைச் செய்தி காட்டும். ஹாஸ்கெல் மொழியின் கம்பைலரான ஜிஎச்சி பெரும்பாலும் டைப் பார்த்த பிறகே விரிக்கிறது.

ஒரு பிழை முப்பது பிழையாகப் பெருகாமலிருக்க, டைப் பொருந்தாமல் போன கோவைக்கு (எக்ஸ்பிரஷனுக்கு) எதனுடனும் பொருந்தும் 'எரர்' டைப்பைக் கொடுங்கள். பெரிய ரெக்கார்டில் வேறுபடும் ஃபீல்டுகளை மட்டும் காட்டுங்கள். பயனர் எழுதிய பெயர் கிடைக்காதபோது, இரண்டெழுத்து வரை வேறுபடும் பெயர்களைப் பரிந்துரைக்கலாம். மூன்றெழுத்துப் பெயருக்கு ஒன்றே போதும், இல்லையேல் சம்பந்தமில்லாததெல்லாம் வரும்.

தவறான நிரல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றும் தரவேண்டிய செய்தியை முழுதாகப் பக்கத்திலேயே சேமியுங்கள். செக்கரைத் தொடும்போதெல்லாம் இப்போது வரும் செய்தியைச் சேமித்ததுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகாருடன் வரும் நிரல்களையும் அதிலேயே சேருங்கள்.