நைன்ட்டி மைல் பீச்சில் கேரவனும் தூண்டிலும்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னிலிருந்து கிழக்கே சுமார் மூன்று மணி நேர ஓட்டம். சீஸ்ப்ரேக்கும் கோல்டன் பீச்சுக்கும் நடுவே, மணல்மேட்டுக்குப் பின்னால் சாலையை ஒட்டி முகாமிடங்கள் இருக்கின்றன. குடிநீரும் மின்சாரமும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும்.

பாரம் ஏற்றுதல்

காரின் டோ பாலில் (பின்னால் இழுத்துப்போகும் கேரவனை மாட்டும் உருண்டை) இறங்கும் எடை, கேரவன் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் இருக்கட்டும்: 2,000 கிலோவுக்கு 200. பளுவான சாமான்களைத் தரையோடு, அச்சுக்கு மேலாக வையுங்கள். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். அப்போது கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, காருக்குள் இருக்கும், கேரவன் பிரேக்குக்கான எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் இயக்குங்கள்; கேரவன் மட்டும் பிரேக் பிடித்து நேராகிவிடும்.

நிறுத்துதல்

இளமணலில் சக்கரத்தை இறக்காதீர்கள். முதலில் இட வல மட்டம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்வுக்கட்டையில் ஏற்றி, கைபிரேக் போட்டு, முட்டுக்கட்டை கொடுங்கள். அதற்குப் பிறகே காரைக் கழற்றி, ஜாக்கி வீலால் (கேரவனின் முன்முனையை ஏற்றி இறக்கும் சிறு சக்கரம்) முன் பின் மட்டம் பார்க்க வேண்டும். கேரவனின் நான்கு மூலைகளிலும் இறக்கும் மூலைக்கால்கள் கடைசி, அடியில் பலகை வையுங்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான். அவற்றால் கேரவனைத் தூக்கினால் கேரவனின் அடிச்சட்டம் முறுக்கி, கதவு சரியாக மூடாது.

தண்ணீர் பார்த்தல்

மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மணல்மேட்டின் பாதைமேல் நின்று பாருங்கள். வெள்ளையாக அலை உடையும் இடம் மணல்திட்டு. திட்டுக்கும் கரைக்கும் இடையே அலை உடையாமல் கரும்பச்சையாகத் தெரிவது பள்ளம். திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ, அந்த வழியாகத்தான் கடல் ஏற்றத்தோடு மீன் உள்ளே வரும். அந்த இடத்துக்கு நேராகக் கரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பலமெல்லாம் சேர்த்து வீசி, இரையைத் திட்டின் மேலேயே போட்டுவிடுகிறார்கள். பல நேரம் 30 மீட்டரே போதும்.

ஏற்றம் உச்சிக்கு வரும் முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் நல்ல நேரம். மாலையில் ஆஸ்திரேலியன் சால்மன், இருட்டிய பின் கம்மி (gummy) என்ற வகைச் சுறா.

தூண்டில்

12 அடிக் கம்பு, 6000 அளவு ரீல், 10 கிலோ இழுப்பைத் தாங்கும் தூண்டில் நரம்பு. முனையில், கம்பைப்போல் இரு மடங்கு நீளத்துக்கு 20 கிலோ நரம்பு கட்டாயம். இல்லையென்றால் வீசும் வேகத்தில் அறுந்து, நரம்பில் கட்டிய ஈயக்குண்டு தனியாகப் பறக்கும். சால்மனுக்கு 4/0 அளவு தூண்டில் முள், கம்மிக்கு 6/0. ஈயம் 100 முதல் 140 கிராம், நட்சத்திர வடிவம். உருண்டை ஈயம் பக்கநீரோட்டத்தில் உருண்டு, நரம்பைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

இரைக்கு மத்தி. உருகிய மத்தி வீசும்போதே பிய்ந்துபோகும். முந்தின இரவே கல்லுப்பில் புரட்டி வையுங்கள், சதை இறுகும். எலாஸ்டிக் நூலால் முள்ளோடு சுற்றிக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.

மீன் கடைசி அலையில்தான் அதிகம் தப்புகிறது. அலை திரும்பும்போது இழுத்தால் தண்ணீரின் இழுப்பும் மீனின் எடையும் சேர்ந்து வாயைக் கிழித்துவிடும். பிடித்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள். அடுத்த அலை மீனைத் தூக்கும்போது பின்னால் நடந்து மணலில் ஏற்றுங்கள். கரை செங்குத்தாக இறங்குகிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

பிடித்த பிறகு

சால்மனைப் பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, கடல்நீர் கலந்த பனிக்கட்டியில் போடுங்கள். தாமதித்தால் சதை குழைந்து நாறும். சால்மன் ருசியில்லை என்பவர்கள் பெரும்பாலும் ரத்தம் வடிக்காததைத் தின்றவர்கள்தான். குறைந்தது 21 செ.மீ. இருக்க வேண்டும். கம்மியைக் கடைசிச் செவுள் பிளவிலிருந்து வாலடி வரை அளக்க வேண்டும்: 45 செ.மீ., ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு. பெரிய கம்மிகள் பெரும்பாலும் குட்டி போடும் பெட்டைகள். அவற்றை வாலைப் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கித் திரும்ப விட்டுவிடுங்கள்.