முன் சக்கர பிரேக் பேடை வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி?

பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து 'கீச்' என்று சத்தம் வருகிறதா? நிறைய வண்டிகளில் பேடோடு ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து கடைசிக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தட்டு; அதை அழுத்திப் பிடித்து நிறுத்துவதுதான் பேட்) உரசிக் கத்தும். வேண்டுமென்றே வைத்த ஏற்பாடுதான் அது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினால், அடுத்து வருவது 'கரகர'. அப்போது பேடின் இரும்பு முதுகே டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

நான் சொல்லப்போவது வேகன்ஆர், ஸ்விஃப்ட் போல முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருக்கும் சாதாரண வண்டிகளுக்கு. முன் சக்கரம் மட்டும். பின்னாலும் டிஸ்க் இருந்து, பட்டனில் போடும் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால் பின்பக்கம் கை வைக்காதீர்கள்.

வேலை எளிதுதான். ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது: வண்டி ஜாக்கியில் நிற்கும்போதும், எல்லாம் முடிந்து முதல் தடவை பிரேக் மிதிக்கும்போதும்.

என்னென்ன வேண்டும்?

உங்கள் வண்டி மாடலுக்கான முன் பேட் ஒரு செட் (நான்கு பேட் இருக்கும், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்), ஜாக்கி, வண்டியைத் தாங்க ஸ்டாண்டு, வீல் ஸ்பானர், 12, 14, 17 எம்எம் ஸ்பானர்கள், ஒரு சி கிளாம்ப், பிரேக் கிளீனர் ஸ்பிரே, சிலிக்கான் கிரீஸ், கம்பி பிரஷ், கொஞ்சம் கட்டுக்கம்பி. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டு இல்லையென்றால் வாங்குங்கள், அல்லது தெரிந்த மெக்கானிக்கிடம் இரவல் கேளுங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி முட்டுக்கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

வண்டியைத் தூக்குவது

சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியரில் போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். இந்த வண்டிகளில் இன்ஜினின் இழுவை முன் சக்கரத்துக்குத்தான் போகிறது. ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது சும்மா சுற்றும், கியர் வண்டியைப் பிடிக்காது. பிடிப்பது பின் சக்கர ஹேண்ட் பிரேக்கும் கட்டையும்தான்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டைக் கொடுத்து, அதன்மேல் வண்டியை இறக்குங்கள். சக்கரத்தைக் கழற்றி அதையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், இன்னொரு காவல். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எந்த கிளிப் எப்படி இருந்தது என்று மறந்துபோனால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கேலிப்பரைத் திறப்பது

டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு நிற்கிறதே, அதுதான் கேலிப்பர். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதன் முதுகுப் பக்கம் வெளியே தெரியும். அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு போல்ட் இருக்கும். கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் போதும். போல்ட்டோடு சேர்ந்து, அது மாட்டியிருக்கும் 'ஸ்லைடு பின்'னும் (கேலிப்பர் நகர உதவும் சின்ன உலோகத் தண்டு) சுற்றினால், அந்தப் பின்னை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். கேலிப்பரை மேலே மடக்கி, கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்க விடவே கூடாது.

இப்போது பழைய பேடுகள் தெரியும். வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உராயும் பகுதி 3 எம்எம்முக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டிய நேரம்தான். உள் பேட் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்து, வெளிப் பேட் பாதி இருந்தால், பெரும்பாலும் அந்த ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அதே கதிதான். பின்னை உருவித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊதவைக்கும்.

தூசியை வாயால் ஊதாதீர்கள். ஸ்பிரே அடித்துத் துணியால் துடையுங்கள். டிஸ்க்கில் வெடிப்போ, ஆழமான கோடோ, பிஸ்டனைச் (கேலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை) சுற்றி ஈரமோ இருந்தால், அதோடு நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவது

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புது பேட் தடிமன் என்பதால் அதை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் மேலே ஏறும். இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். ஏற்கெனவே மேல்கோட்டில் இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும்.

பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பை மெதுவாக முறுக்குங்கள். அவசரம் வேண்டாம்.

பேட் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, பேடின் காதுகளில் (இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) மட்டும் துளி கிரீஸ் தடவி, புது பேடுகளைப் பொருத்துங்கள். உராயும் முகம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், திருப்பிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். கேலிப்பரை இறக்கி, போல்ட்டை வண்டி மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். பிறகு மறுபக்கம்.

கிளம்பும் முன்

நான் முதன்முதலில் மாற்றிய அன்று, கை துடைத்த கையோடு வண்டியை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் எடுத்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் தரையோடு தரையாகப் போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் வண்டி காம்பவுண்டு கேட்டில் போய் இடித்து நின்றது. பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே இருந்த இடைவெளியை மூடாமலே கிளம்பியதுதான் காரணம். ஆகவே, வண்டி நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை மிதித்து மிதித்து விடுங்கள். பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். எவ்வளவு மிதித்தும் கெட்டியாகவில்லை என்றால் வண்டியை நகர்த்தாதீர்கள்.

அப்புறம், கூட்டமில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பதை எட்டு, பத்து தடவை செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் ஆறவிடுங்கள். புது பேட் டிஸ்க்கோடு படிவதற்கு இது தேவை. லேசாகக் கருகிய வாடை வந்தால் பயப்பட வேண்டாம். முதல் இருநூறு கிலோமீட்டருக்கு, அவசியம் இல்லாமல் சடன் பிரேக் அடிக்காதீர்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை ஒரு நட்டு கால் சுற்று உள்ளே போனது.