வல்லரசுப் போட்டியைச் சின்ன ஊரின் கண்ணால் பார்க்க: பினாங்கில் ஒரு காலைப் பாடம்

ஆறாம் படிவ மாணவர்களுக்கு வல்லரசுப் போட்டியைக் கற்பிக்கப் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இரண்டு மணி நேரம் போதும். காலை ஒன்பதுக்குத் தொடங்குங்கள், பிறகு வெயில் தாங்காது. சென்னை முதல் சீனாவின் கேண்டன் வரை தெரியும் ஏ3 வரைபடம் ஒன்று, மூன்று நிறப் பேனா, ஆளுக்கொரு தாள். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பின்வரிசை கைப்பேசியில் மூழ்கிவிடும்.

முதல் நிறுத்தம், கார்ன்வாலிஸ் கோட்டையில் உள்ள ஸ்ரீ ரம்பாய் பீரங்கி. 1603இல் வார்த்த டச்சு வெண்கலம். 1606இல் ஜொகூருக்கு, 1613இல் சுமத்ராவின் அச்சேவுக்கு, பின்பு சிலாங்கூருக்கு, 1871இல் ஆங்கிலேயரிடம். ஒவ்வொரு கைமாற்றத்தையும் வரைபடத்தில் கோடாகப் போடச் சொல்லுங்கள். "டச்சுக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தார்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரை விரட்ட டச்சுக்காரருக்கு ஜொகூர் தேவைப்பட்டது.

அடுத்தது கெடா, நம் கடாரம்தான். பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் 'கேட்டது', வலப்பக்கம் 'கிடைத்தது'. பினாங்குத் தீவு அன்று கெடாவுடையது. அதை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுக்க, சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) அஞ்சிய கெடா சுல்தான் அப்துல்லா படை உதவியும் ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலரும் கேட்டார். படை உதவிக்குக் கல்கத்தாவில் இருந்த கம்பெனி மேலிடம் தலையாட்டும் முன்பே, 1786 ஆகஸ்ட் 11 அன்று கம்பெனியின் ஆள் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றிவிட்டார். 1791இல் தீவை மீட்கச் சுல்தான் ஆள் திரட்டித் தோற்றார். கிடைத்தது ஆண்டுக்கு 6,000. 1821இல் சயாம் கெடாவுக்குள் புகுந்தபோது கம்பெனி கைகட்டி நின்றது.

இங்கேதான் மாணவர்கள் சறுக்குவார்கள். "சுல்தான் ஏமாந்தார்" என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அவர் பேரம் பேசத் தெரிந்தவர்தான். சரக்கு கைமாறிய பிறகும் விலை முடியாமல் இருந்ததே கோளாறு. தேதிகளை வரிசையாக எழுத வைத்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இன்னொரு சறுக்கல்: "ஆங்கிலேயர் வளத்துக்காக வந்தார்கள்." தீவில் ஈயமா இருந்தது? வடகிழக்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறைமுகம் இல்லை. 1782-83இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அந்தப் பருவத்தை அச்சேயில் கழித்தார். சீன வணிகத்துக்கும் வழியில் ஓர் இடம் வேண்டியிருந்தது. இதற்கு வேறு நிறம்.

பிறகு கடற்கரையோரம் ஐந்து நிமிடம். 1914 அக்டோபர் 28 அன்று, பிரிட்டிஷார் வசமிருந்த இந்தத் துறைமுகத்தில் ஜெர்மானியக் கப்பல் ஒன்று ரஷ்யக் கப்பலான செம்சுக்கை மூழ்கடித்தது. பெயர் எம்டன். ஆம், ஒரு மாதம் முன்பு சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்.

கடைசியில் தாளைத் திருப்பி, 1972இல் பினாங்கில் தொடங்கிய பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வளாகத்துக்கும் அதே இரண்டு பத்திகள். "நாம் அமெரிக்கா பக்கமா, சீனா பக்கமா?" என்ற சண்டை நிச்சயம் கிளம்பும். அதை விட்டுவிட்டு, எது முதலில் கைமாறியது, எது எழுத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடட்டும்.